பாடாங் திடலில் செருப்பைக் கழற்றிய சனிக்கிழமை

சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பினாங்குக்குப் பந்தாட்டம் பார்க்கப் போக நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எழுத்து எனக்கு வராது. நான் சொல்ல, மாப்பிள்ளை அந்தோணி எழுதுகிறார். வழியும் நேரமும் வண்டிக்கூலியும் என் ஞாபகத்தில் இருக்கிறபடியே இருக்கும்.

போன மாதம் இந்தியாவிலிருந்து ஒரு பந்தாட்டக் குழு கப்பலில் வந்தது. பினாங்கு வெள்ளைக்காரர் குழுவோடு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆட்டம். லயத்து வீடுகளில் ஒரு வாரமாக வேறு பேச்சில்லை. தோட்டத்தில் துரைக்கு எதிரே நாங்கள் இருமக்கூட யோசிக்கிறவர்கள். நம் ஆள் ஒருவன் துரைமார் காலிலிருந்து, அவர்கள் போட்ட சட்டப்படியே, பந்தைப் பிடுங்குவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

அதற்கு அது நல்ல நேரம் இல்லை. ரப்பர் விலை விழுந்து, வேலைக்கு ஆகாதவர்களை இந்தியாவுக்கு, ஊருக்கே கப்பல் ஏற்றப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டியல் சின்ன துரை கையில். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. பெண்சாதியை அடக்கம் செய்ததும் இந்த மண்ணில்தான், ஒரே மகள் மரியா இருப்பதும் இங்கேதான். ஊரில் என்னை அடையாளம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே பொய் சொன்னேன். ஆபீஸ் படிக்குக் கீழே நின்று, பினாங்கு ஆஸ்பத்திரியில் கண் காட்ட வேண்டும் என்றேன். சின்ன துரை தலையை மட்டும் ஆட்டினார். அந்தோணியைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

சந்தையடியில் காலை ஏழேகாலுக்கு பஸ். பட்டர்வொர்த் படகுத்துறை பதினேழு மைல்; ஆளுக்கு முப்பத்தைந்து காசு; ஒன்றேகால் மணி நேரம். முன்வரிசையில் உட்காராதீர்கள், எஞ்சின் சூட்டில் கால் வெந்துவிடும். படகுக்குப் பத்துக் காசு. இருபது நிமிஷத்தில் அக்கரை. அங்கிருந்து திடலுக்கு அரை மைல்தான், ரிக்ஷாக்காரன் என்ன சொன்னாலும் நடந்தே போங்கள்.

பொழுது நிறைய இருந்ததால் சூலியா தெருவுக்குப் போனோம். அறுபது காசுக்கு ஒரு தோல் செருப்பு வாங்கினேன். நாற்பது வருஷமாகப் பால்மரம் வெட்டுகிறவனுக்கு அதுதான் முதல் செருப்பு. தோட்டத்தில் வாங்கி என்ன செய்வது? துரை வந்தால் செருப்பைக் கழற்ற வேண்டும், குடையை மடக்க வேண்டும், துண்டைத் தோளிலிருந்து எடுக்க வேண்டும். அங்கே காலில் இருக்கிற நேரத்தைவிடக் கையில் இருக்கிற நேரம் அதிகம்.

மூன்று மணிக்கே திடலுக்குப் போய்விட்டோம். பாடாங் என்று மலாய்க்காரர் சொல்லும் கடலோரத் திடல் அது. கிளப் கட்டடத்தின் பக்கம் வெள்ளைக்காரருக்கு நாற்காலி. மற்ற மூன்று பக்கமும் கயிறு, காசு கிடையாது. தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று தலைமேல் தலை. கடல் பக்கத்துக் கயிற்றோரம் எங்களுக்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் காதர் பாய் என்று ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

நம் குழு திடலில் இறங்கியது. கூட்டம் ஆரவாரம் செய்தது. கயிற்றோரம் நின்ற தோட்டத்து ஆட்கள் நாங்கள் மட்டும் சட்டென்று அடங்கிப்போனோம். பதினொரு பேர் காலிலும் ஒன்றும் இல்லை. கணுக்காலில் துணிக்கட்டு, அதற்குக் கீழே வெறும் பாதம்.

"மாமா, இவங்களும் கழட்டிட்டாங்க!" அந்தோணி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அவ்வளவு தூரம் கப்பல்ல வந்து, வெள்ளைக்காரன் முன்னால கழட்டிட்டு வந்து நிக்கிறாங்க பாருங்க."

பின்னால் ஒருவர் காறித் துப்பிவிட்டு, "வாங்க போவோம், இதப் பாக்கவா பஸ் ஏறினோம்?" என்றார். நானும் கயிற்றிலிருந்து கையை எடுத்தேன்.

காதர் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னலா பெரியவரே! அவங்க ஊருல ஆடுறதே அப்படித்தான். வெறுங்காலு பந்த ஒட்டிப் புடிக்கும். கப்பல்லேர்ந்து இறங்கறப்ப பளபளன்னு பூட்ஸோடதான் இறங்கினாங்க, நான் பாத்தேன்." பிறகு வானத்தைப் பார்த்தார். "மழை மட்டும் வரக்கூடாது. சேத்துல பூட்ஸ்தான் நிக்கும்."

மரியாதைக்காக இல்லை, ஜெயிப்பதற்காகக் கழற்றியிருக்கிறார்கள்! இது என் மண்டையில் ஏறுவதற்குள் வெள்ளைக்காரர் குழு வந்தது. மூன்றாவதாக ஓடிவந்தவர் எங்கள் சின்ன துரை.

அந்தோணி முதுகுக்குப் பின்னால் ஒண்டினேன். முதல் பாதி முழுக்க அவர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகத்தான் பார்த்தேன். நம் ஆட்கள் பந்தைப் பாதத்தில் ஒட்டவைத்ததுபோல் கொண்டுபோனார்கள். அரைமணி ஆனபோது ஒரு குள்ளப் பையன் சின்ன துரையை இடப்பக்கம் ஓடவிட்டு, வலப்பக்கம் போய் அடித்தான். கோல்! திடலே எழும்பியது. சீனர்களும் குதித்தார்கள்.

"கத்துங்க மாமா!"

"வாயத் தொறந்தா கப்பலு, மாப்பிள்ளை."

இரண்டாம் பாதியில் மழை வந்தது. சாரல் இல்லை, கொட்டியது. வெறுங்கால்கள் வழுக்கின. பூட்ஸ்கள் குத்தி நின்றன. பந்து ஊறிப் பூசணிக்காய்போல் ஆனது. கடைசிப் பத்து நிமிஷம் நம் ஆட்கள் விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து தடுத்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் குடை பிடிக்கவில்லை, பிடித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்று.

அப்போதுதான் பந்து கயிற்றைத் தாண்டி வந்து என் நெஞ்சில் மோதியது. இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். எல்லைக்காரர் கொடி வெள்ளைக்காரர் பக்கம் காட்டியது. எறிய ஓடிவந்தவர் சின்ன துரை.

"கொடுக்காதீங்க தாத்தா! கொஞ்சம் வச்சிருங்க!" என்று பின்னால் நூறு குரல். கூட்டத்துக்குள் தூக்கிப் போட்டால்கூட ஒரு நிமிஷம் ஓடிவிடும். அது எனக்கும் தெரிந்தது.

சின்ன துரை என் முகத்தைப் பார்த்தார். "சவரி! கண்ணு தெரியுதா? பந்து கொடு."

யோசித்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, சொல்லத் தெரியவில்லை. கால் யோசிக்கவில்லை. இரண்டு செருப்பும் கழன்றன. இடுப்பு வளைந்தது. இரண்டு கையாலும் பந்தை நீட்டினேன்.

அவர் எறிந்த எறியிலிருந்துதான் அவர்கள் கோல் விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று, சமம். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது.

"எந்தத் தோட்டத்து அடிமைடா இவன்?" என்று யாரோ கேட்டார்கள். அந்தோணி திரும்பிச் சண்டைக்குப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். காதர் பாய் சேற்றில் கிடந்த செருப்பை எடுத்து, மழைநீரில் அலசி, என் முன்னால் வைத்தார். "போட்டுக்குங்க பெரியவரே. புதுசு." அவ்வளவுதான் சொன்னார்.

திங்கட்கிழமை விடியற்காலை பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் எண்ணப் பேர் கூப்பிட்டார்கள். சின்ன துரைக்கு நல்ல குஷி. "சவரி, நல்ல பந்து கொடுத்தே," என்றார். கணக்கெழுதும் கிராணியும் சிரித்தார். எத்தனையோ பேர் எதிரில் அந்தச் சிரிப்பு. பிறகு துரையின் பார்வை கீழே இறங்கியது. "செருப்பு," என்றார்.

"கால்ல இருக்கு, துரை," என்றேன்.

காத்திருந்தார். நானும் நின்றேன். கடைசியில் அவர் அடுத்த பேரைக் கூப்பிடச் சொன்னார்.

அந்த வாரம் சனிக்கிழமை கப்பல் பட்டியலை வாசித்தார்கள். மூன்றாவது பேர் என்னுடையது. வயசுக்காகவா, கண்ணுக்காகவா, செருப்புக்காகவா, யாரும் சொல்லவில்லை. மரியா அழுதுகொண்டே, "ஒரு நிமிஷம் கழட்டியிருக்கக் கூடாதாப்பா?" என்றாள்.

"போன சனிக்கிழமை கழட்டினேனே, தாயி," என்றேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கடல் பக்கம் நில்லுங்கள், காற்று உண்டு. மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். ஆட்டம் முடிந்ததும் ஓடிப்போய்ப் படகைப் பிடியுங்கள். பட்டர்வொர்த்தில் எட்டு மணி பஸ்தான் கடைசி. எதிர்க் குழுவில் உங்கள் துரை இருக்கிறாரா என்று முதலிலேயே விசாரியுங்கள். இருந்தாலும் போங்கள். பந்து உங்கள் கைக்கு வந்தால், நியாயமாக யாருடையதோ அவர்களிடமே கொடுங்கள். நிமிர்ந்து நின்று கொடுங்கள்.

வருகிற மாதம் நானும் இன்னொரு முறை பினாங்கு போகிறேன். அதே ஏழேகால் பஸ், அதே படகு, அங்கிருந்து கப்பல். வண்டிக்கூலி தோட்டத்தார் கொடுக்கிறார்கள், போவதற்கு மட்டும். செருப்பு காய்ந்துவிட்டது. போட்டுக்கொண்டுதான் போவேன்.