யாரிடமிருந்து யாருக்கு

நைனார்பாளையத்தில் மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தபோது இருமலில் இரத்தம் வந்தது. அதற்கு முன்பே இரண்டு மாதமாக இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்தன. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். நான் அகதி முகாமில் இருப்பவள். மன்னாரிலிருந்து கைக்குழந்தையாக வந்தவள்.

பக்கத்து வரிசையில் இருந்த அஞ்சலை அக்கா மண்ணில் விழுந்த இரத்தத்தைப் பார்த்துவிட்டார். அவர் உள்ளூர்க்காரர். என்னை முதன்முதலில் களைவேலைக்கு அழைத்துப்போனவர். எட்டு வருடமாக இருவரும் ஒரே தூக்குவாளியில் சோறு பகிர்ந்து தின்றோம். அன்றே என்னைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

காசநோய் (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய், டி.பி.) என்றார் மருத்துவர். ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் மாத்திரை. சிறுநீர் சிவந்து போகும், அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம் என்றார். இதை வாசிக்கிற நோயாளிகளுக்கு நானும் அதையே சொல்கிறேன். குமட்டும். மூட்டு வலிக்கும். எழுந்து பல் துலக்குவதே ஒரு நாள் வேலையாகத் தெரியும்.

கூடப் பழகியவர்களையும் பரிசோதித்தார்கள். அஞ்சலை அக்காவின் சளியிலும் கிருமி இருந்தது.

அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. முகாம்காரி கொண்டுவந்த நோய் என்று ஊரில் பேச்சு. முகாமிலிருந்து களைக்குப் போன மற்ற ஐந்து பெண்களையும் நிறுத்திவிட்டார்கள்.

சில வாரம் கழித்து, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். வாசலுக்கு எதிரே குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"என்னாலதானே அக்கா உங்களுக்கு..." என்று தொடங்கினேன். அழுகை இருமலாகிவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவற? போன வருசத்துல இருந்தே நான் இருமிக்கினுதான் இருந்தேன். எங்கிட்டருந்துதான் உனக்கு ஒட்டிக்கிச்சி" என்றார் அக்கா, குழாயடிக்கும் கேட்கும்படி.

பிறகு மருத்துவரிடம் கேட்டேன். யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்ல முடியாது என்றார். அக்கா போன வருடம் இருமியதாக எனக்கு நினைவில்லை.

அடுத்த வாரம் அந்த ஐந்து பேரையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

இருவருக்கும் குணமாகிவிட்டது. என் எக்ஸ்ரேயில் மட்டும் ஒரு தழும்பு தங்கிவிட்டது. வேலைக்குப் போகிறேன், பாதி வரிசையிலேயே மூச்சு வாங்குகிறது. முன்பெல்லாம் பின்தங்கினால் ஓடிப் பிடிப்பேன், முகாம்காரி சோம்பேறி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று. இப்போது வரப்பில் உட்கார்ந்துவிடுகிறேன். பெண்கள் என் வரிசையையும் சேர்த்துக் களையெடுத்துக்கொண்டு முன்னே போகிறார்கள். மூச்சு திரும்பும்வரை நான் அவசரப்படுவதில்லை.