மலைமேல் இருக்கிறவர் பேர்

என் வீட்டுக்காரர் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் வேலையாக இருந்தார். அவரிடம் போய்ச் சேர அனுமதி கேட்டு, பழனியில் மனு எழுதுபவரிடம் போனேன்.

"புருசன் பேரென்ன தாயி?"

பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். "அந்தா மலைமேல இருக்காரே, அவரு பேருதாங்க" என்றேன்.

அவர் பழனிச்சாமி என்று எழுதிக்கொண்டார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், வாசித்துக் காட்டச் சொல்லக் கௌரவம் இடம்கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். ஒரு வருஷம் கழித்து, பேர் பொருந்தவில்லை என்று மனு திரும்பிவந்தது.

மறுநாள் வெள்ளனே போய் நின்றேன்.

"இன்னைக்காச்சும் வாயத் தெறப்பியா, இல்ல மலையத்தான் காட்டுவியா?"

"தண்டபாணி!" என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

ஆறு மாதத்தில் அனுமதி வந்தது. என் வீம்பால் ஒரு வருஷம் போனதுதான் மிச்சம். என் வீட்டுக்காரருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இன்றும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.