மூலைக் கட்டத்தைப் பெரிதாக்கும் பெட்டி

டிவி கடைக்குள் நுழைந்தால் லிஃப்ட்டம்மா பெட்டியைப் பார்க்க மாட்டாள், ரிமோட்டைக் கேட்பாள். கையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் தடவித் தடவி, ஓடும் படத்தை நிறுத்தும் பொத்தானைத் தேடுவாள். சட்டென்று விரலுக்குச் சிக்கினால் அந்தப் பெட்டியைப் பற்றி அடுத்த கேள்வி வரும். சிக்காவிட்டால் ரிமோட் விற்பனைக்காரர் கைக்கே திரும்பிப் போய்விடும். "இதைத் தேடிக்கிட்டு இருந்தா அதுக்குள்ள கை ஓடிடும்" என்பாள். யாருடைய கை, எங்கே ஓடும் என்று கடையில் ஒருவருக்கும் விளங்காது. அவளும் விளக்கிக்கொண்டு நிற்க மாட்டாள்.

ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குவது அவள் வேலை. சாம்பல் நிறக் கோட்டும் ஒரு முக்காலியும் ஆஸ்பத்திரி கொடுத்தது. பெயரும் ஆஸ்பத்திரி கொடுத்ததுதான். ஏறுபவர்கள் முகத்தை நேராகப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. எவர்சில்வர் கதவில் மங்கலாகத் தெரியும் உருவத்தைப் பார்த்தே பேசுவாள். கேட்டால், அழுதுகொண்டு வருகிறவர்களை உற்றுப் பார்ப்பது மரியாதையா என்பாள். அதற்காக அவளைச் சாது என்று நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை லிஃப்ட் நிறைந்திருந்த நேரத்தில் ஸ்ட்ரெச்சர் ஒன்று வந்தது. உள்ளே நின்ற தலைமை மருத்துவரிடம் கதவைப் பார்த்தபடியே, "நீங்க படியில நடக்கலாம் டாக்டர். படுத்திருக்கறவரால முடியாது" என்றாள். அவர் இறங்கி நடந்தார்.

இப்படிப்பட்டவள்தான், டிவியில் வருவதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ரெக்கார்டர் பெட்டி ஒன்று வாங்கியே தீருவது என்று கிளம்பினாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போனில் சிரித்தான். அதெல்லாம் யாரும்மா இப்ப வாங்கறாங்க, எல்லாம் போன்லயே வருதே என்றான். போனிலும் தேடிப் பார்த்துவிட்டாள். அவளுக்கு வேண்டிய சேனல்காரர்கள் மதியச் செய்தியைத் துண்டு துண்டாக்கிப் போனில் போடும்போது, படத்தின் ஓரங்களை நறுக்கிவிடுகிறார்கள். "எனக்கு வேண்டிய மூலையைத்தான் வெட்டித் தள்ளிட்டு மீதியைப் போடறான்" என்றாள். மகன் அப்புறம் சிரிக்கவில்லை.

அந்த மூலையில்தான் அவள் மகள் இருக்கிறாள். மதியச் செய்தியின்போது திரையின் கீழே வலது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் வரும். அதற்குள் கறுப்புச் சட்டை போட்ட பெண் நின்று, காது கேளாதவர்களுக்காகச் செய்தியைக் கையால் சொல்வாள். பல் செட் செய்யும் லேப் ஒன்றில் வேலை பார்க்கிற, காது கேளாத ஒருவரை விரும்பி அந்தப் பெண் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா அன்றோடு வாசற்கதவை அவளுக்குச் சாத்திவிட்டார். அவர் ஓய்வு பெற்ற டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். தன் மகளை மட்டும் திருப்ப முடியவில்லை என்பது அவருக்குத் தாங்கவில்லை. பேச்சில்லாதவனோடு என்ன குடும்பம் என்பது அவர் கட்சி. சேனல் மாற்றும்போதுகூட அந்த ஒரு சேனலைத் தாண்டிக் குதித்துத்தான் போவார்.

லிஃப்ட்டம்மா மகளைப் பூங்காவில் போய்ப் பார்ப்பாள். அப்படி ஒருநாள் மாப்பிள்ளையும் வந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்று கைகளால் என்னவோ சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் சிரித்தார், எதையோ சுற்றிக் காட்டினார், நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். இவள் தலையை ஆட்டியபடி நின்றாள். என்ன சொல்கிறார் என்று மகளைக் கேட்டதற்கு, "சௌக்கியமான்னு கேக்கறார்மா" என்று பதில் வந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அதுவே குடைந்தது. சௌக்கியமா என்று கேட்க அத்தனை நேரமா ஆகும்? மீதி எங்கே போயிற்று? அந்த மீதி அவளுக்கு வேண்டியிருந்தது. அதையும் யாரும் சுருக்கிக் கொடுக்காமல், தன் கண்ணாலேயே வேண்டியிருந்தது.

மகளையே கற்றுத்தரச் சொல்லியிருக்கலாம். அதற்கு அவள் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. தனக்குத் தெரியாததை மகளுக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டு போய் நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. மதியச் செய்தி நேரத்தில் அவளுக்கு லிஃப்ட்டில் வேலை. சாயங்காலம் டிவி வீட்டுக்காரர் வசம். ஆகவேதான் பெட்டி. வேலைக்குப் போகுமுன் காலை நேரங்களில் கடை கடையாக ஏறி இறங்கினாள்.

விற்பனைக்காரர்கள் சினிமாவைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் பேசினார்கள். எத்தனை சினிமா கொள்ளும், சிக்ஸரைத் திரும்பத் திரும்ப எப்படிப் பார்க்கலாம் என்றெல்லாம் ஆசை காட்டினார்கள். அவள் கேள்விகளோ வேறு தினுசு. வீட்டுக்காரர் ஒரு சேனல் பார்க்கும்போதே இன்னொரு சேனலைப் பிடித்து வைக்குமா? கையை மெதுவாக, ரொம்ப மெதுவாக ஓட்டிக் காட்டுமா? தெரியாமல் யாரும் அழித்துவிடாதபடி பூட்டு உண்டா? மூலையில் நிற்கும் ஆளைப் பெரிசாக்க முடியுமா? ஒருவர் பொறுமை இழந்து, வீட்டில் பையன் இருந்தால் அனுப்புங்கம்மா என்றார். "அவன் பாக்கறதுக்கில்ல. நான் பாக்கறதுக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ரிமோட்டைக் கேட்டாள்.

மெலிதாய், பளபளப்பாய் இருந்த பெட்டி மெதுவாக ஓட்டாது. மெதுவாக ஓட்டும் பெட்டி, டிவியில் எந்தச் சேனல் ஓடுகிறதோ அதை மட்டும்தான் பிடிக்கும். இவள் வீட்டில் அது உதவாது. மூன்றாவது எல்லாம் செய்தது. ஏறக்குறைய அதையே முடிவு செய்தாயிற்று. ஏதோ தோன்றி, அதற்கான மாதச் சந்தாவைக் கட்ட மறந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். பிடித்து வைத்ததெல்லாம் பூட்டிக்கொள்ளும், கட்டினால்தான் திறக்கும் என்றார் கடைக்காரர். அவளுக்குச் சுருக்கென்றது. "என் வீட்டுல, என் பெட்டிக்குள்ள நான் வச்சிருக்கறதை நீங்க எங்கேயோ உக்காந்துக்கிட்டு பூட்டுவீங்களா? ஏற்கெனவே ஒருத்தர் கதவைச் சாத்தி வச்சிருக்கார். இன்னொரு பூட்டு எனக்கு வேணாம்" என்று எழுந்துவிட்டாள்.

கடைசியில் ஒரு சின்னக் கடையின் கீழ்த்தட்டில் இருந்தது அது. கனமான, அழகில்லாத பெட்டி. போட்டால் லேசாக உறுமும். வாய்ச்சொல்லை நம்பி வாங்குகிறவள் இல்லை அவள். கூட வேலை செய்பவளோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, மதியச் செய்தி நேரத்துக்கே கடைக்குப் போய்ப் பெட்டியை இணைக்கச் சொன்னாள். செய்தி வந்தது. மரியாதைக்காகக் கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். சத்தம் வேண்டாம் என்றாள். படத்தை நிறுத்தி மூலைக் கட்டத்தைப் பெரிதாக்கினாள். மற்றப் பெட்டிகளில் இப்படிச் செய்தால் ஐந்து விரலும் ஒட்டிக்கொண்டு கரண்டி மாதிரி ஆகிவிடும். இதில் விரல்கள் தனித்தனியாக நின்றன. மோதிரம்கூடத் தெரிந்தது. அவள் திரையருகே குனிந்து அதையே பார்ப்பதைக் கண்டு, யாரும்மா அது என்று கேட்டார் கடைக்காரர்.

"என் பொண்ணு" என்றாள். கதவைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே, மகள் முகத்துக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று மாஸ்டர் குரலை உயர்த்தினார். அவள் வயரைச் சொருகிக்கொண்டே, "அவ வரக்கூடாதுன்னுதான் சொன்னீங்க. பெட்டி வரக்கூடாதுன்னு சொல்லலையே" என்றாள். அவர் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். சாத்தட்டும் என்று விட்டுவிட்டாள். அன்றிலிருந்து காலையில் அவர் நடக்கப் போகும் நேரம் அவள் பாடம் நடக்கும் நேரமானது. மகளை நிறுத்துவாள், பின்னுக்கு இழுப்பாள், ஆமை நடையில் ஓட்டுவாள். டிவி முன் நின்று கூடவே கையை ஆட்டுவாள். மழை, விலை, தேர்தல், விபத்து என்று முதலில் வந்ததெல்லாம் செய்தி வார்த்தைகள்தான். இதை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் வெள்ள நிவாரணம் பற்றித்தான் பேச முடியும் என்று அவளே சிரித்துக்கொண்டாள். பிறகு வீட்டு வார்த்தைகளுக்கு முறை வந்தது. அப்பா, அம்மா, வா, கொடு, கற்றுக்கொள் எல்லாம் வந்தன. லிஃப்ட்டிலும் விரல்கள் சும்மா இருக்காது. மூட்டுவலியா என்று நர்ஸ் ஒருத்தி கரிசனமாகக் கேட்டாள். "வலியில்லம்மா, பேசிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

அடுத்து பூங்காவில் மாப்பிள்ளை வந்தபோது, அன்றைக்குச் சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி அவளே கையால் கேட்டாள். அவர் வாய் பிளந்தார். மகள் அவசரமாக நடுவில் வந்து கையைத் தூக்கினாள். "நீ இரு" என்று லிஃப்ட்டம்மா அவளை அடக்கிவிட்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாக என்று மாப்பிள்ளைக்குச் சைகை காட்டினாள். அவர் சொன்னார். இரண்டு இடத்தில் அவளுக்கு விட்டுப்போயிற்று; திரும்பச் சொல்லவைத்தாள். அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. ஊரில் அத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்த மாமாவிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அவர் திட்டினாலும் தனக்குக் கேட்காது, அதனால் கோபமே வராது என்று சிரித்தாராம் அன்று. அப்பாவிடம் போய் அம்மா இதைக் கேட்டு அவமானப்பட வேண்டாமே என்று மகள் விழுங்கிவிட்டிருந்தாள்.

லிஃப்ட்டம்மா நேரே வீட்டுக்கு வந்தாள். மாஸ்டர் அவருடைய சாயங்காலச் செய்தியில் ஆழ்ந்திருந்தார். ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார்.

"என்ன ஆச்சு?"

"நான்தான் நிறுத்தினேன். எங்கயும் ஓடாது, பத்திரமா இருக்கும். மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டக் கத்துக்கணுமாம். உங்ககிட்டதான் கத்துக்குவாராம்."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். அவரோ வெடுக்கென்று, "காது கேக்காதவனுக்கு நான் எப்படிச் சொல்லிக் குடுக்கறதாம்?" என்றார்.

லிஃப்ட்டம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி அவர் எதிரே உட்கார்ந்தாள். "கையாலதான். முதல்ல 'நில்லு'. வண்டிக்கு அதானே முதல்ல வேணும்" என்றாள். அவர் சம்மதத்தைக் கேட்கவில்லை. கியர் பிடித்துக் காய்த்துப்போன அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, விறைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினாள்.