மதிலைச் சுற்றி நடந்த ஜெஸீமா டீச்சர்

குண்டசாலையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது தொலைபேசி அடித்தது. திரையில் ஜெஸீமா டீச்சரின் பெயர். காலையிலேயே இன்றைக்கு எதைக் கேட்கப் போகிறாரோ என்ற சலிப்போடுதான் எடுத்தேன். பேசியது அவருடைய மகள் ஸிபானா. "சேர், உம்மா சுபஹுத் தொழுகைக்குப் பொறகு மௌத்தாகிட்டாங்க. உங்களுக்கு முதல்ல சொல்லணும் எண்டு நெனச்சேன்" என்றார். டீச்சர் இறந்துவிட்டார், அந்தச் சலிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பஸ் வந்து போய்விட்டது.

ஜனாஸா வீட்டில், உடலை அடக்கத்துக்கு எடுக்குமுன், பலரும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அமைதியானவர், யாருடைய மனமும் நோகாமல் பேசுவார் என்றார்கள். யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. அவருடன் ஒரு தவணையாவது வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ஜெஸீமா டீச்சர் அமைதியானவர் அல்லர். பிடித்த பிடியை விடாதவர். கேட்டதையே கேட்பவர். மறுப்பு என்பது அவர் காதில் விழாது.

கண்டி நகரைத் தாண்டி, ஒரே மலைச்சரிவில், ஒரு மதிலின் இரு பக்கமுமாக எங்கள் இரண்டு கல்லூரிகளும் இருக்கின்றன. ஊரார் ஒன்றைத் தமிழ்ப் பள்ளி என்பார்கள், மற்றதை முஸ்லிம் பள்ளி என்பார்கள். இரண்டிலும் தமிழில்தான் படிப்பிக்கிறோம். இந்தப் பக்கம் நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் எடுக்கிறேன். அந்தப் பக்கம் அவர் பௌதிகவியல் எடுத்தார். எங்கள் பௌதிக ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போன பிறகு அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. அவர்களுக்கோ இரசாயனத்துக்கு நெடுநாளாகவே ஆளில்லை. புசல்லாவையிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வரும் கௌசல்யா என்ற எங்கள் மாணவி, விஞ்ஞானப் பிரிவை விட்டுக் கலைப் பிரிவுக்கு மாறப்போவதாக அழுதுகொண்டிருந்தாள். இது எப்படியோ டீச்சரின் காதுக்கு எட்டியிருக்கிறது. யாரும் அழைக்காமலே எங்கள் ஆசிரியர் அறைக்குள் வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உங்கட ஸ்கூல்ல பௌதிகம் இல்ல. எங்கட ஸ்கூல்ல ரசாயனம் இல்ல. நடுவுல ஈக்கிறது ஒரு மதில். இதுக்கு ஏன் சேர் புள்ளைகள் அழணும்?"

நான் அதிபரிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னேன். "இப்பவே பேசுங்க, நான் இங்கயே ஈக்கிறேன்" என்றார். இருந்தார்.

மதிலில் ஒரு சின்ன இரும்புக் கேட் உண்டு. அதைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் அங்கே போய்ப் பௌதிகம் படிக்கலாம், அவர்கள் இங்கே வந்து இரசாயனம் படிக்கலாம். இதைப் பேச மூன்று கூட்டங்கள் நடந்தன. முதல் கூட்டத்தில் எங்கள் அதிபர், "நல்ல யோசனைதான் டீச்சர். ஆனா புள்ளைங்க படியில விழுந்துட்டா யாரு பொறுப்பு?" என்று கேட்டார். "உங்கட படியில விழுந்தா நீங்க தூக்குங்க. எங்கட படியில விழுந்தா நாங்க தூக்குறோம்" என்றார் டீச்சர். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்காக அவர்கள் நேரத்தோடு விடுவதால், இரண்டாம் கூட்டம் அன்றைய நேரசூசியை எப்படிப் போடுவது என்ற பேச்சிலேயே முடிந்துபோனது. மூன்றாவதில் இந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர் வைப்பது, எந்தக் கல்லூரியின் பெயர் முன்னால் வரவேண்டும் என்று பிற்பகல் முழுவதும் விவாதித்தார்கள். டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "புள்ள பொறக்கட்டும். பேர் பொறகு வெக்கலாம்." மறுநாள் கேட் திறந்தது.

திறந்த பிறகு என் நிம்மதி போனது. அவருடைய பாடம் ஒருநாளும் நேரத்துக்கு முடியாது. பிள்ளைகளுக்காக நான் ஆய்வுகூட வாசலில் காத்துக்கிடப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்தப் பக்கம் போய், "டீச்சர், மணி அடிச்சு எவ்வளவு நேரமாச்சு?" என்றேன். "அடிச்சது உங்கட மணி. எங்கட மணி இன்னும் அடிக்கல்ல" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் அவர் சொன்னது உண்மை. மணியை ஒரே நேரத்தில் அடிப்பதற்குக்கூட இரண்டு கல்லூரிகளும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. என்னுடைய கண்ணாடி முகவைகளை இரவல் வாங்கிப் போவார், திரும்பி வராது. கேட்டால், "உங்கட, எங்கட எண்டு பாக்கிறதுக்கா இதெல்லாம் தொடங்கின?" என்பார்.

அந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதி முடிவுகளும் வந்தன. கௌசல்யா பொறியியலுக்குத் தெரிவானாள். அவர்களுடைய பிள்ளை ஒருத்தி மருத்துவத்துக்குத் தெரிவானாள். நாங்கள் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான். எங்கள் வாசலில் தொங்கிய பதாகையில் இரண்டு பேரின் படமும் இருந்தது. அவர்கள் வாசலிலும் அதே இரண்டு படங்கள். எங்கள் பழைய மாணவர் சங்கத்தார் வந்து, "நம்ம சேர் படிச்சுக் குடுக்க, அவங்க பேர் வாங்கிறதா?" என்று அதிபரைப் பிடித்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கமும் இதே பேச்சு, டீச்சரின் பெயரை வைத்து. அந்த வாரமே கேட் பூட்டப்பட்டது. எங்கள் பக்கம் ஒரு பூட்டு, அவர்கள் பக்கம் ஒரு பூட்டு. இரண்டு கல்லூரிகளும் சொல்லிவைத்தாற்போல் ஒத்துழைத்துச் செய்த வேலை அது ஒன்றுதான்.

எவராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். நான் விட்டேன். டீச்சர் வலயக் கல்விப் பணிமனைக்குப் போனார். ஓர் ஆசிரியர் இரண்டு பாடசாலைகளில் படிப்பிக்க நடைமுறை இல்லை என்றார்கள். இல்லாவிட்டால் உண்டாக்குங்கள் என்று சொல்லித் திரும்பத் திரும்பப் போனார். கடைசியில், அவருடைய தொல்லை தாங்காமல் என்றே நினைக்கிறேன், வாரத்தில் இரண்டு நாள் எங்கள் கல்லூரியில் கற்பிக்க அனுமதித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு இரசாயனம்? சனிக்கிழமைகளில் குண்டசாலையில் என் வீட்டு விறாந்தையில். இதை அவர் என்னிடம் கேட்கவில்லை. பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, பிறகு எனக்கு அறிவித்தார்.

அவருடைய ஆய்வுகூடத்தின் பின்பக்கம்தான் அந்தக் கேட். அதைத் தாண்டினால் எங்கள் வகுப்பு. ஆனால் பூட்டியிருந்ததால், அந்த இரண்டு நாளும் அவர் பிரதான வீதிக்கு இறங்கி, மதிலைச் சுற்றி வந்து, எங்கள் படிகளில் ஏறவேண்டும். ஏற்கெனவே நெஞ்சு வருத்தக்காரர், இதயம் பலவீனம். மாத்திரையும் ஒழுங்காக எடுக்கமாட்டார். வகுப்பு வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். நான் சத்தம் போட்டேன். "வருத்தத்தைச் சொல்லுங்க டீச்சர். உங்களுக்காகவாவது அந்தக் கேட்டைத் திறப்பாங்க."

"எனக்காகத் தொறந்தா நான் போன பொறகு பூட்டிருவாங்க சேர். புள்ளைகளுக்காகத் தொறக்கட்டும்."

அவரை மதில் கொன்றது என்று சொல்லமாட்டேன். அவர் இறந்தது வீட்டில், தொழுதுவிட்டுப் படுத்தபோது. ஆனால் எங்கள் படிகளில் அவர் ஏறிய ஒவ்வொரு தடவையும் எனக்கு அவர்மீது கோபம் வந்தது. இப்போது யோசித்தால், கோபப்படவேண்டிய இடம் அதுவல்ல.

அவருக்கான இரங்கல் கூட்டத்தை இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து எங்கள் மண்டபத்தில் நடத்தின. அந்தப் பக்கத்து ஆசிரியர்கள் வீதியைச் சுற்றி, வியர்த்து வழிய வந்து சேர்ந்தார்கள். இரண்டு அதிபர்களும் பேசினார்கள். இரண்டு பேருமே அவரைப் பாலம் என்றார்கள். பொதுவான ஆய்வுகூடம் ஒன்று கட்டி அவர் பெயரைச் சூட்டப்போவதாக அறிவித்தார்கள். நான் எழுந்து, "ஆய்வுகூடம் பிறகு கட்டலாம். இன்றைக்குக் கேட்டைத் திறக்க ஏலுமா?" என்று கேட்டேன்.

"அவங்கட பூட்டத் தொறந்தா, எங்கடதத் தொறக்கிறது பெரிய விஷயமில்ல" என்றார் அவர்களுடைய அதிபர்.

"மொதல்ல அவங்க தொறக்கட்டும் சேர்" என்றார் எங்கள் அதிபர். பேசிய இருவரும் அடுத்தடுத்த கதிரைகளில்தான் இருந்தார்கள்.

இப்போது இரண்டு கல்லூரிகளிலும் பௌதிக ஆசிரியர் இல்லை. ஆளுக்கொருவர் வேண்டுமென்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். சேர்ந்து ஒருவரையாவது கேட்கலாமே என்றால், அதற்கும் ஒரு கூட்டம் வேண்டுமாம்.

நான் இயல்பில் பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவன். டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய எரிச்சல், பிடித்ததை விடாத அந்தக் குணம். அவருடைய பொறுமையை, அன்பை எல்லாம் மற்றவர்கள் பேசட்டும். எரிச்சலை நான் வைத்துக்கொள்கிறேன். கூட்டம் முடிந்த மறுநாள் அதிபரின் அறைக்குப் போய், எங்கள் பூட்டின் சாவியைத் தரும்வரை எழும்பமாட்டேன் என்று உட்கார்ந்தேன். "என்னா சேர், உங்களுக்கு என்னா ஆச்சு?" என்றார். மத்தியானத்துக்குள் சாவி கைக்கு வந்தது. எங்கள் பூட்டு இப்போது கேட்டில் இல்லை. அவர்களுடையது தொங்குகிறது.

அதைக் கேட்க நாளைக்கு அந்தப் பக்கம் போகிறேன். ஜனாஸா வீட்டில் அவரைப் புகழ்ந்தவர்கள் விரும்பினால் கூட வரலாம். வழி தெரியும்தானே. பிரதான வீதிக்கு இறங்கி, மதிலைச் சுற்றி வரவேண்டும்.