ராகுவுக்கு விட்ட பந்து

இங்கே ஞாயிற்றுக்கிழமைதான் வாரத்தின் முதல் வேலை நாள். அதற்கு உடம்பு பழகவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. போன வருடம் முதல் அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அல் கோபாரில் எங்கள் அலுவலக வாசலில் என் மேலாளர் டேல், கையில் காபியோடு எனக்காகக் காத்து நிற்பார். அமெரிக்கர், ஆறடிக்கு மேல் உயரம். காலை வணக்கம் கிடையாது, வீட்டில் எல்லாரும் சுகமா என்பது கிடையாது. "செல்வத்தின் முதல் பந்துகள் எப்படி?" என்று கேட்பார். நான் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே டேப்லெட்டைத் திறந்து, சதுரக் கட்டமும் அதைச் சுற்றிச் சிதறிய புள்ளிகளுமாக ஒரு படத்தைக் காட்டியாக வேண்டும். குழாய் வெல்டிங்கில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் திருச்சியிலிருந்து என்னைக் கூட்டி வந்தார்கள். இப்போது நான் பேஸ்பால் பந்து எங்கே விழுந்தது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். வெல்டிங் குறைகளை நான் படம் போட்டுக் காட்டுவதை டேல் ஒருநாள் பார்த்துவிட்டார். இந்தியன், கணக்கு வரும், வெள்ளிக்கிழமை லீவு. இந்த மூன்று தகுதிகளும் போதும் என்று முடிவு செய்து, கம்பெனி பேஸ்பால் அணியின் கணக்குப்பிள்ளையாக என்னை நியமித்துவிட்டார். மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு கருவியைக் கொடுத்தார். பந்தின் வேகம், சுழற்சி, எந்த உயரத்தில் எந்தப் பக்கமாக வந்தது என எல்லாவற்றையும் அது டேப்லெட்டுக்கு அனுப்பும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு முதல் நாள் ஒன்றுமே பிடிக்கவில்லை. எறிவதெல்லாம் ஃபுல்டாஸ்! ஒரு பந்தாவது தரையில் குத்தட்டுமே என்று ஏங்கிப்போனேன். பிறகு விதி புரிந்தது. அடிக்க நிற்பவனின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் உண்டு. பந்து அதற்குள் வந்தால் எறிந்தவனுக்கு லாபம். நான்கு முறை வெளியே போனால், நின்றவன் மட்டையைப் போட்டுவிட்டுச் சும்மா நடந்து முதல் இடத்துக்குப் போய்விடலாம். நம்மூர் வைடு பந்தின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வம் எங்கள் சைட்டில் சாரம் கட்டும் வேலையில் இருக்கிறான். அறந்தாங்கிப் பக்கம். கேம்ப்பில் நடக்கும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் அவனைப் பந்து போடவே விடமாட்டார்கள். கையை மடக்கி எறிகிறான், மாங்கா அடிக்கிறான் என்று நோபால் கொடுத்துக் கொடுத்து விரட்டிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவனை நான் பேஸ்பால் மைதானத்துக்கு அழைத்துப் போனேன். அவன் எறிந்த மூன்றாவது பந்திலேயே டேல் தொப்பியைக் கழற்றிவிட்டார். எந்தக் குற்றத்துக்காக ஒரு விளையாட்டு அவனைத் துரத்தியதோ, அதே குற்றத்துக்காக இன்னொரு விளையாட்டு அவனுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தது.

துபாயில் ஒரு போட்டி இருப்பதாகவும், பந்து எறியும் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் டிக்கெட் என்றும் டேல் அறிவித்த அன்று, செல்வம் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"சார், எங்க அண்ணன் ஓமன்ல, சோஹார்ல இருக்கு. போர்ட்ல வேலை. ஆறு வருசம் ஆச்சு சார் பாத்து. நான் லீவுல போறப்ப அதுக்கு லீவு கெடைக்காது, அது போறப்ப எனக்கு லீவு மாஃபி. துபாய்னா பஸ்ஸ புடிச்சு வந்துரும் சார். எப்படியாச்சும் பாருங்க."

வரைபடத்தில் என் உள்ளங்கையால் மூடிவிடலாம், அவ்வளவுதான் இரண்டு ஊருக்கும் நடுவில். ஆனால் கம்பெனி கொடுக்கும் டிக்கெட் ஊருக்கு மட்டும்தான். பக்கத்து நாட்டில் இருக்கும் அண்ணனைப் பார்க்க எந்த விண்ணப்பப் படிவமும் கிடையாது. அன்று முதல் என் புள்ளிகளை நான் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் அந்த வினோதம் தெரிந்தது. ஆட்டம் ஒன்பது மணிக்குத் தொடங்கி ஜும்மா தொழுகைக்கு முன் முடிந்துவிடும். முதல் பாதியில் செல்வத்தின் பந்துகள் கட்டத்துக்குள் சமர்த்தாக விழும். இரண்டாம் பாதியில், புதிதாக ஒருவர் அடிக்க வந்தால், முதல் பந்து மட்டும் வெளியே போகும். ஏதோ ஒரு பக்கம் அல்ல. எப்போதும் அதே வலது மேல் மூலை, ஆணி அடித்த மாதிரி. இரண்டாவது பந்திலிருந்து மறுபடி சமர்த்து. களைப்பு என்றால் எல்லாப் பந்தும் கெடவேண்டும். காற்று என்றால் மற்றவனுக்கும் அடிக்கவேண்டும். வெயில், ஈரப்பதம், இடக்கை ஆட்டக்காரர், வலக்கை ஆட்டக்காரர் என்று நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். சமையலறையில் தேதிக் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டிருந்த என் மனைவி வசந்தா, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எத்தன மணிக்கு மேல இப்படிப் போடறான்?"

"பத்தரைக்கு மேல."

"வெள்ளிக்கிழமை பத்தரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ராகுகாலம். இதுக்குப் போய் ஒரு வாரமா?" என்று தோசை திருப்பப் போய்விட்டாள்.

நான் சிரித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மைதானத்தில் இதைச் சொன்னபோது செல்வம் சிரிக்கவில்லை.

"ஆமா சார். புது ஆளு வந்து நின்னா அது புது ஆரம்பம்தானே. மொதப் பந்த ராகுவுக்கு விட்ருவேன். அப்புறம் நம்ம கணக்கு."

"ஏம்ப்பா, ஊர்ல இப்ப மணி ஒண்ணு. அங்க ராகுகாலம் எப்பவோ முடிஞ்சு எல்லாரும் சாப்பிட உக்காந்தாச்சு."

"அவரு என்ன சார், ஊர்லயேவா உக்காந்திருப்பாரு? சூரியன் எங்க உதிக்குதோ அங்கதான் கணக்கு. இங்க வர்றதுக்கு அவருக்கு இக்காமாவா வேணும்?"

இக்காமா என்பது நாங்கள் எல்லாரும் பையில் வைத்துக்கொண்டு திரியும் குடியிருப்பு அட்டை. அது இல்லாமல் இந்த நாட்டுக்குள் நடமாடக்கூடியவர் ராகு ஒருவர்தான் என்று எனக்கும் தோன்றியது.

டேலிடம் எப்படிச் சொல்வது? வேண்டாத புள்ளிகளை அழித்துவிட்டு நல்ல படமாகக் காட்டியிருக்கலாம். பதினைந்து வருடம் வெல்டிங்கில் அப்படிச் செய்யாதவனுக்கு, பந்தில் செய்ய மனம் வரவில்லை. ஆகவே உள்ளதைச் சொன்னேன். செல்வத்துக்கு ராகுவைக் குறித்து ஒரு பயம் உண்டு, வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ராகு வந்துவிடுகிறார், அவருக்காக முதல் பந்தை வெளியே எறிகிறான் என்று என்னால் முடிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். டேலின் முகம் சிவந்தது. "யார் இந்த ராகு? கேம்ப் ஃபோர்மேனா? என் பையனை மிரட்டுகிறானா?" என்றார். அவசரமாக, இல்லை, அவர் மிகவும் மேலே இருப்பவர் என்றேன். அது இன்னும் தப்பாகப் போயிற்று. "எவ்வளவு மேலே இருந்தாலும் சரி, வெள்ளிக்கிழமை என் மைதானத்துக்குள் வரக்கூடாது. கேட்டில் செக்யூரிட்டியிடம் பெயரைக் கொடுத்துவிடுகிறேன்" என்றார். அதோடு குரலைத் தாழ்த்தி, அடுத்த வெள்ளியும் இதே கதை என்றால் மற்றவன்தான் துபாய் போவான் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த வியாழக்கிழமை செல்வத்தை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். அறிவியல் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டதால் அவன் வழியிலேயே போனேன். "கல்யாணத்துக்கு முகூர்த்தம் ஒரு தடவதானே பாக்கறோம்? தாலி கட்டியாச்சுன்னா, அப்புறம் எல போடறப்பல்லாம் யாராவது ராகுகாலம் பாக்கறாங்களா? ஒம்பது மணிக்கு நீ எறியற மொதப் பந்துதான் முகூர்த்தம். மத்ததெல்லாம் சாப்பாடு." செல்வம் ரசத்தைக் கையில் ஏந்தியபடியே யோசித்தான். வசந்தாவைப் பார்த்தான். அவள், "ஆரம்பிச்சது நல்ல நேரத்துல இருந்தாப் போதும்ப்பா" என்றாள். என் பட்டப்படிப்பு செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது.

மறுநாள் பத்தரைக்கு மேல் வந்த ஒவ்வொருவருக்கும் முதல் பந்து கட்டத்தின் நடுவில் விழுந்தது. டேல் என் முதுகில் ஓங்கித் தட்டி, "பார்த்தாயா? ராகுவை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்" என்றார். நான் செக்யூரிட்டிக்கு நன்றி சொன்னேன். செல்வத்துக்கு டிக்கெட் வந்தது.

பர் துபாயில் ஒரு ஹோட்டலில் இறங்கினோம். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆட்டம். மைதானத்துக்குப் போகும் வேனில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குச் சுரீரென்றது. சவூதியில் வெள்ளி, சனி லீவு. இங்கே சனி, ஞாயிறு. நான் வெள்ளிக்கிழமைக்கு மருந்து கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. முகூர்த்தமே அதற்குள் போய் விழுகிறது! செல்வத்தின் முகத்தைப் பார்த்தால், அவனுக்கு இது இரண்டு நாளாகவே தெரியும் என்று புரிந்தது.

"அண்ணன் எட்டரைக்கு வந்துரும் சார். வந்த ஒடனே அதுகிட்ட ஒரு பந்து எறிஞ்சிருவேன். அதான் ஆரம்பம். ஒம்பதுக்கு முன்னாடியே முடிஞ்சுரும்" என்றான்.

எட்டரைக்கு அண்ணன் வரவில்லை. பார்டரில் வரிசை என்று செய்தி வந்தது. ஒன்பதுக்கும் வரவில்லை. செல்வம் கார் பார்க்கிங்கில், கையில் பந்தோடு, சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேறு யாரிடமாவது எறியேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டான். ஒன்பது பத்துக்கு ஒரு டாக்சி வந்து நின்றது. உள்ளிருந்து செல்வத்தையே கொஞ்சம் நரைக்க வைத்தது போல ஒருவர், கையில் பிளாஸ்டிக் பையோடு இறங்கினார். கண்ணன். இருவரும் பத்தடி தள்ளி நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"லேட்டாயிருச்சுடா," என்றார் கண்ணன். "ஆரம்பிச்சுட்டாங்களா?"

செல்வம் என் பக்கம் திரும்பினான். "மணி என்ன சார்?"

சோதித்துப் பார்க்க அங்கேயே ஸ்டாண்டில் மாட்டியிருந்த கருவியையும் டேப்லெட்டையும் நான் பார்த்தேன். அதில் மணி எட்டு பத்து. அல் கோபாரை விட்டுக் கிளம்பியபின் அதன் நேரத்தை நான் மாற்றவே இல்லை.

"எட்டு பத்துதான்ப்பா. நம்ம கோபார் டைம்."

சூரியன் எங்கே உதிக்கிறதோ அங்கேதான் கணக்கு என்று எனக்குப் பாடம் எடுத்தவன் அவன். ஒரு கணம் என்னைக் கூர்ந்து பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

"சரியாத்தான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பந்தை எறிந்தான்.

கண்ணனிடம் கையுறை இல்லை. பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். "எரியுதுடா கை!" என்று உதறினார். அதற்குள் செல்வம் அவரிடம் ஓடியிருந்தான். எனக்குக் கண் கரித்தது. பாலைவனத் தூசி என்று சொல்லலாம், ஆனால் அது தூசி இல்லை.

ஆட்டத்தில் நாங்கள் நன்றாகவே தோற்றோம். ஆனால் செல்வத்தின் முதல் பந்துகள் கட்டத்துக்குள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை டேல் அறிக்கையைப் புரட்டிவிட்டு, முதல் வரிசையில் விரலை வைத்தார். அடிப்பவர்: இல்லை. இடம்: கட்டத்துக்கு வெகு வெளியே. பிடித்தவர்: கண்ணன், சோஹார். கருவிக் கோளாறு, அழித்துவிடு என்றார். சரி என்று தலையாட்டினேன், அழிக்கவில்லை. அந்த வரிசையில் மணி எட்டு பத்து என்றிருக்கிறது. ஆட்டம் தொடங்குமுன் நான் கடிகாரத்தைத் துபாய்க்கு மாற்றியதால், அடுத்த வரிசையில் ஒன்பதரை. அவர்கள் கார் பார்க்கிங்கில் பேசிக்கொண்டு நின்றது இருபது நிமிடம்தான். என் கணக்கில் மட்டும் இரண்டு வரிசைகளுக்கும் நடுவில், அல் கோபாருக்கும் சேராமல் துபாய்க்கும் சேராமல், அண்ணன் தம்பி இருவருக்கும் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கிறது.