மச்சான் வீட்டு மெழுகுச் செடி

2003, தைப்பொங்கலுக்கு மறுநாள். காலை ஆறு மணிக்குக் கித்துல்கலயில் பஸ் ஏறினேன். கலவானயில் இருக்கும் முத்துலிங்கம் என் மனைவியின் அண்ணன். அவர் வீட்டுக்கு மெழுகு தரும் பாலைவனச் செடி ஒன்று வந்திருப்பதாக மனைவி ஒரு மாதமாக ஓதிக்கொண்டிருந்தாள். நான் வருடக்கணக்கில் வளர்க்கும் ரோஜாக்களைப் பற்றி ஒரு நாளும் அவள் இப்படிப் பேசியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு கொப்பாவது வாங்கிவந்து எங்கள் வாசலில் நட்டால்தான் அது அடங்கும்.

அவிசாவளையில் ஒரு பஸ், இரத்தினபுரியில் இன்னொரு பஸ். போகப்போக மழை கூடியது. இந்த ஈரத்தில் பாலைவனச் செடி அழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். செடி அழுகவில்லை. தகரக் கூரையின் கீழ், இலையே இல்லாத சாம்பல்பச்சைத் தண்டுகள் முழ உயரத்துக்கு நிமிர்ந்து நின்றன.

“கன்டெலீயா. ஸ்பானிஷ் பாஷைல சின்ன மெழுகுதிரின்னு அர்த்தமாம்,” என்றார் மச்சான். மெக்சிகோவுக்குக் கப்பலில் போய்வந்த சிங்கள நண்பர் கொடுத்ததாம்.

“ஒரு கொப்பு தாங்க மச்சான்.”

“இப்ப முடியாதுங்க. மொதல்ல மெழுகு எடுக்கணும்.”

அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு தண்டிலும் சரிவாக ஒரு வெட்டு; அதன் கீழே கம்பியில் கட்டிய சோடா மூடி. மச்சானும் முன்பு என்னைப் போல ரப்பர் தோட்டத்தில் மரப்பட்டையைச் சீவிப் பால் வெட்டியவர். பால் கசியும் செடியைக் கண்டால் எங்கள் ஆட்களின் கை சும்மா இராது. மூடிகளில் பால் பிசினாகக் காய்ந்து கிடந்தது.

தண்டை நகத்தால் சுரண்டினேன். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அதைக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினேன். உருகி, ஆறியதும் இறுகியது.

“மெழுகு பால்ல இல்லீங்க மச்சான், தோல்ல இருக்கு.” அதைச் சொன்னபோது எனக்கிருந்த குளிர்ச்சியை மறைக்கவில்லை.

மச்சான் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவு மெனக்கெட்டு இந்தச் சொட்டுக்குத்தானா? சட்டியோட எடுத்துட்டுப் போங்க.”

திரும்பும் பஸ்ஸில் நடத்துனர் சட்டியைக் காட்டி, “மேக்க மொகத்த, அய்யே?” என்று சிங்களத்தில் கேட்டார், இது என்ன என்று. கன்டெலீயா என்றேன், நானே மெக்சிகோவுக்குப் போய்வந்தவனைப் போல.

வீட்டு வாசலில் சட்டியை இறக்கினேன். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒரு கொப்பு கேட்டதுக்குச் செடியையே தூக்கிக் குடுத்துட்டாரா? எங்க அண்ணன் மனசு யாருக்குங்க வரும்?”

இப்போது அந்தச் செடி என் ரோஜாக்களுக்கு முன்னால் நிற்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் அது அண்ணன் கொடுத்தது என்கிறாள். கலவானயில் இருந்தபோதாவது அது எனக்கு ஐந்து மணித்தியாலத் தூரத்தில் இருந்தது.