தனியாகக் கற்றேன் என்று ஒரு கையெழுத்து

அந்தப் பழுப்பு உறைகளில் எப்போதும் மீன் மணத்தது. அக்கராயனில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கடல் வெகு தூரம்; எனினும், காலையில் சந்தியில் தம் வீட்டுக்கென்று வாங்கும் மீனையும் ஊராரின் கடிதங்களையும் ஒரே பையில் இட்டுச் சைக்கிளில் கொண்டுவருவது எங்கள் தபால்காரரின் வழக்கமாதலால், மாதத்தில் இரண்டு தடவை கொழும்பிலிருந்து எனக்கு வந்த அஞ்சல்வழி வேதாகமப் பாடங்கள் யாவும், உறையைப் பிரித்தவுடன், சூடை மீனின் வாடையையே முதலில் தந்தன. கலிலேயாக் கடலைப் பற்றிய பாடம் வந்த அன்று அந்த வாடை சற்றுத் தூக்கலாக இருக்க, அது பாடத்தை அனுப்பியவர்கள் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு என்று, பன்னிரண்டு வயதில், சில நாட்கள் நான் நம்பியதும் உண்டு.

அம்மா கிறிஸ்தவர், முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். அப்பா சைவர், குளத்து நீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய வயற்காரக் குடும்பம் அவருடையது. வெள்ளிக்கிழமைகளில் அப்பா பிள்ளையார் கோவிலுக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் தகரக் கூரை போட்ட சிறிய ஆலயத்துக்குப் போவோம். அங்கே ஞாயிறு பாடசாலையில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று ஒரு வசனத்தை மனனமாகச் சொல்ல வேண்டும். நான் எழுந்து நிற்பேன், அவ்வளவுதான். வசனம் முழுவதும் உள்ளே இருக்கும், வாய் திறக்காது. பல மாதங்கள் பொறுத்திருந்த ஆசிரியை, இந்தப் பிள்ளை கையாலாவது சொல்லட்டும் என்று அஞ்சல்வழிப் பாடத்துக்கான விண்ணப்ப அட்டையைத் தாமே நிரப்பி அனுப்பிவிட்டார். பன்னிரண்டு பாடங்கள். அனைத்துக்கும் விடை எழுதி முடிப்பவருக்குச் சான்றிதழ் ஒன்றும், இழுத்து மூடும் "சிப்" வைத்த உறையுடன் முழு வேதாகமம் ஒன்றும் கிடைக்கும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது.

"முழு" என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டு வேதாகமம் தொடக்கமும் முடிவும் இல்லாதது. போரில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் "தறப்பாள்" துணி வேய்ந்த கொட்டிலுக்குள் மழை ஒழுகி, முன்னால் ஒரு கட்டும் பின்னால் ஒரு கட்டுமாகத் தாள்கள் ஊறிப் பிய்ந்து போயிருந்தன. ஆகவே எங்கள் வீட்டில் உலகம் படைக்கப்படவும் இல்லை, முடிவுக்கு வரவும் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் ஆபிரகாம் ஏற்கெனவே முதியவராக நின்றுகொண்டிருப்பார். ஒரு கதையை அதன் முதல் வரியிலிருந்து வாசிக்க வேண்டும் என்ற ஆசை, பின்னாளில் இலக்கியம் படிக்கப் போகிற ஒருத்திக்கு அன்றே இருந்ததில் வியப்பில்லை.

முதற் பாடத்தின் முதற் பக்கத்திலேயே கட்டமிட்டு ஒரு விதி தரப்பட்டிருந்தது: அமைதியான இடத்தில் தனியாக அமர வேண்டும், வேதாகமத்தைத் தானே வாசிக்க வேண்டும், விடைகளை எவருடைய உதவியுமின்றி எழுத வேண்டும். விதிகளை வரிக்கு வரி மதிக்கும் சுபாவம் எனக்கு. ஆனால் மீள்குடியேறியோருக்கான வீட்டுத்திட்டத்தில் கட்டிய எங்கள் வீட்டின் இரண்டு அறைகளுக்கும் நிலை இருந்தது, கதவு இருக்கவில்லை. கதவுக்குப் பதிலாக அம்மாவின் பழைய சேலையொன்று தொங்கியது. அடுத்த காணியில் வசித்த அப்பாவின் தமக்கை, எங்கள் மாமி, அந்தச் சேலையை ஒரு கதவாக ஒருபோதும் அங்கீகரித்தவர் அல்லர்.

முதல் நாளே திரையை விலக்கிக்கொண்டு வந்து, "என்னடி பிள்ளை, ஒளிச்சிருந்து என்ன செய்யிறாய்?" என்றார். தனியாக இருந்து படிக்க வேண்டும் என்று விதி இருப்பதைக் காட்டினேன். அதைக் கவனமாக வாசித்த மாமி, "அப்ப இரு, இரு. நான் ஒண்டும் கதைக்கேல்லை" என்று சொல்லி, எனக்குத் துணையாகப் பாயில் உட்கார்ந்து முருங்கையிலை ஆயத் தொடங்கினார்.

வயற்கரையில் இருந்த காவற்கொட்டிலுக்கு இடம் மாறினேன். அப்பாவுக்கு அது பெரும் மகிழ்ச்சி. சும்மாதானே இருக்கிறாய், கிளியையும் பார்த்துக்கொள் என்றார். அவ்வகையில் இரண்டாம் பாடத்தின் பெரும்பகுதியை நான் கிளிகளுக்குச் சத்தமிட்டபடியே கற்றேன்.

மூன்றாம் பாடம் படைப்பைப் பற்றியது. எந்தெந்த நாளில் எவையெவை உண்டாயின என்று வரிசைப்படுத்தி எழுத வேண்டும். அதற்குரிய தாள்களோ எங்கள் புத்தகத்தில் இல்லை. வேறு வழியின்றிக் குசினிக்குப் போய் அம்மாவைக் கேட்டேன். அம்மா அடுப்பை ஊதியபடியே, மூன்றாம் நாள் புல்பூண்டும் மரங்களும், நான்காம் நாள் சூரியனும் சந்திரனும் என்று நினைவிலிருந்து சொன்னார். முகம் கழுவ வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"வெயில் இல்லாமல் எந்தப் பயிரப்பா முளைச்சது? மாறிச் சொல்லுறீர்."

அம்மா மறுத்தார். அப்பா, தாம் ஒரு மதத்தைக் குறை சொல்லவில்லை என்றும், ஆனால் பயிரைப் பற்றி எவரும் தமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றும் அறிவித்தார். மாமி வேலியின் மறுபக்கத்திலிருந்தே தம்பியின் கட்சியில் சேர்ந்துகொண்டார். ஒருவருக்கு இருவராக வாக்கு விழ, நான் சூரியனை மூன்றாம் நாளுக்கும் பயிரை நான்காம் நாளுக்கும் மாற்றி எழுதி அனுப்பினேன்.

விடைத்தாள் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. எங்கள் வரிசையின் குறுக்கே, சிவப்பு மையில், மிக அழகிய கையெழுத்தில், "தவறு. அதிகாரத்தை மீண்டும் வாசிக்கவும்" என்றிருந்தது. அப்பா அதை இரண்டு முறை வாசித்தார். "உந்த மனுசனை ஒரு போகம் வயல் செய்யச் சொல்லு பாப்பம்" என்றார். அந்த நிமிடத்திலிருந்து பாடநெறி என்னுடையதாக இருக்கவில்லை.

ஆறாம் பாடத்தில் விதைக்கிறவனின் உவமை வந்தது. விதையில் ஒரு பகுதி வழியிலும், ஒரு பகுதி கற்பாறையிலும், ஒரு பகுதி முட்களுக்குள்ளும், மிச்சம் மட்டுமே நல்ல நிலத்திலும் விழுந்ததை நான் உரக்க வாசித்தது என் பிழை. விறாந்தையில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த அப்பா வேலையை நிறுத்தினார். நாலில் மூன்று பங்கு விதையை வீணாக்கிய அந்த மனிதனைப் பற்றி ஏன் ஒருவருமே கேள்வி கேட்கவில்லை என்பது அவருக்கு விளங்கவேயில்லை. உவமையின் பொருள் விதையைப் பற்றியது அன்று, கேட்பவரின் உள்ளத்தைப் பற்றியது என்று நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். உள்ளம் இருக்கட்டும், முதலில் கை ஒழுங்காக இருக்க வேண்டாமா என்றார். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போயிருந்த வேளையில், என் விடைக்குக் கீழே மிஞ்சியிருந்த இடத்தில், தம் பெரிய எழுத்துகளில் அவரே எழுதி உறையை ஒட்டி அனுப்பிவிட்டார்: வரம்புக்குக் கிட்ட வரும்போது கையைத் தாழ்த்தி வீச வேண்டும், கல்லுள்ள பக்கத்தை முன்னரே பார்த்து வைக்க வேண்டும், முள்ளை வெட்டாமல் விதைக்கப் போகவே கூடாது.

நான் அழுதேன். வேறு ஒருவரின் கையெழுத்து விடைத்தாளில் இருப்பதால் என்னை நீக்கிவிடுவார்கள், முழு வேதாகமம் அத்துடன் போயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனால் வந்த பதிலில் சிவப்பு மை அமைதியாக இருந்தது. "விரிவான குறிப்புக்கு நன்றி. அந்நாட்டில் முதலில் விதைத்துவிட்டு, பிறகுதான் உழுது மூடுவார்கள் என்று சொல்வதுண்டு. ஆகவே விதைக்கும்போது எது வழி, எது வயல் என்ற பிரிவு இராது."

அப்பா சிவப்பு வரிகளின் மேல் விரலை ஓட்டி வாசித்தார். பிறகு, "புழுதி விதைப்போ?" என்றார். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையை வீசி உழுதுவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் அந்த முறையை எங்கள் ஊரில் எல்லோரும் செய்தவர்கள். "அப்பிடியெண்டால் சரி. அவனிலை பிழையில்லை." விதைத்தவன் மன்னிக்கப்பட்டான். அதற்குப் பிறகு தபால்காரரின் மணியோசைக்கு என்னைவிட முன்னதாக வேலிப் படலையடிக்குப் போனவர் அப்பாதான்.

ஒன்பதாம் பாடம் மாமியினுடையது. இரு சகோதரிகளின் வீட்டுக்கு இயேசு விருந்தாளியாக வருகிறார்; ஒருத்தி அவருடைய காலடியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்க, மற்றவள் தனியாகச் சமைக்கிறாள்; சிறந்த பங்கைத் தெரிந்துகொண்டவள் யார் என்பது கேள்வி. காலடியில் அமர்ந்தவளே என்ற சரியான விடையை நான் வாசித்துக் காட்டியபோது மாமியின் கையிலிருந்த சுளகு நின்றது.

"அப்ப அண்டைக்கு அந்தப் பெரியவருக்குச் சோறு ஆர் போட்டது?"

நான் பாடத்தாளைப் புரட்டித் தேடினேன். மாமி விடவில்லை: "சாப்பிட்டவரோ இல்லையோ, அதைச் சொல்லு. சாப்பிட்டவரெண்டால் சமைச்சவளுக்கும் பாதி மார்க்ஸ் குடுக்கத்தான் வேணும்."

சைவரான மாமியை அம்மாவாவது மறுத்துப் பேசுவார் என்று குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா உலைக்கு அரிசி போட்டுக்கொண்டு, "மச்சாள் சொல்லுறதிலையும் ஒரு நியாயம் இருக்கு" என்றார். நான் சரியான விடையையே எழுதினேன். ஆயினும், துல்லியம் கருதி, எங்கள் வீட்டில் இருவர் இதை ஏற்கவில்லை என்றும், அன்று சோறு போட்டது யார் என்று மாமி கேட்கிறார் என்றும் ஓரத்தில் ஒரு குறிப்பு இட்டேன்.

பன்னிரண்டாம் பாடத்தின் கடைசித் தாளில் கேள்வி எதுவும் இல்லை. ஓர் உறுதிமொழி மட்டும் இருந்தது: இப்பாடங்கள் அனைத்தையும் தனியாக, எவருடைய உதவியுமின்றிக் கற்று விடையளித்தேன். கீழே கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு. கையெழுத்திடப்படாத தாள்களுக்குச் சான்றிதழும் பரிசும் அனுப்பப்படமாட்டா என்று அதற்கும் கீழே.

மூன்று நாட்கள் அந்தத் தாள் அலுமாரிக்கு மேல் கிடந்தது. போடு பிள்ளை, ஒரு கையெழுத்துத்தானே என்றார் அப்பா. அவருக்குத் தாம் செய்தது உதவியாகவே தெரியவில்லை, திருத்தமாகத்தான் தெரிந்தது. தாம் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை, அருகில் இருந்ததோடு சரி என்று மாமி சாதித்தார். அம்மா மட்டும், "வேதப்பாடத்திலையே பொய் எழுதப் போறியோ? உன்ரை விருப்பம்" என்றார். உன் விருப்பம் என்று அம்மா சொன்னால் அதில் நமக்கு விருப்பம் ஒன்றும் மிஞ்சியிராது.

நான்காம் நாள் ஒரு கொப்பித் தாளைக் கிழித்து, கோடு போட்டு, அட்டவணை ஒன்று தயாரித்தேன். மூன்றாம் பாடம்: அப்பா, மாமி (தவறான உதவி), அம்மா (சரியான உதவி, ஏற்கப்படவில்லை). ஆறாம் பாடம்: அப்பா, என் அனுமதியின்றி. ஒன்பதாம் பாடம்: மாமி, விவாதம் மட்டும். இரண்டாம் பாடத்தின்போது கிளிகள் இருந்ததையும் விடவில்லை. ஆகையால் கையெழுத்திட இயலவில்லை, மன்னிக்கவும் என்று முடித்து, புள்ளிக்கோட்டை வெறுமையாகவே விட்டு அனுப்பினேன்.

பதில் வரவில்லை. ஒரு மாதம் கடந்தது. தபால்காரர் மீனோடு மட்டும் எங்கள் படலையைத் தாண்டிப் போனார். அப்பா தம்மிலேயே பிழை கண்டவர்போல என்னோடு மிக மரியாதையாக நடந்துகொண்டார். மாமியோ, பிள்ளை இவ்வளவு ஆசைப்பட்ட வேதப்புத்தகம் வந்துசேர வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்து, ஒரு வெள்ளிக்கிழமை தேங்காய் அடித்துவிட்டு வந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை பொதி வந்தது. இரண்டு மதத்தவரும் இன்றுவரை அதைப் பற்றி விவாதித்ததில்லை.

பொதியில் மீன் மணத்தது. உள்ளே, கறுப்பு உறைக்குள், தொடக்கமும் முடிவும் உள்ள வேதாகமம். சான்றிதழில் "தனியாகக் கற்று" என்று அச்சிட்டிருந்த இடத்தைச் சிவப்பு மை நேர்கோடாக வெட்டி, மேலே "வீட்டாருடன் கற்று" என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு துண்டுக் கடிதம்: "இத்தனை வருடங்களில் கையெழுத்தில்லாமல் வந்த முதல் தாள் உங்களுடையது. அட்டவணையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மாமியின் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. என் வீட்டுக் கத்தரிச் செடி பூக்கிறது, காய்க்க மறுக்கிறது. அப்பாவிடம் கேட்டு எழுதுவீர்களா?"

அப்பா நான்கு பக்கப் பதிலைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதற்கு முன், மாமியின் கட்டளைப்படி, விறாந்தையில் எல்லோரும் உட்கார, வேதாகமத்தை முதல் வரியிலிருந்து நான் வாசித்தேன். ஞாயிறு பாடசாலையில் ஒரு நாளும் திறக்காத வாய் அன்று எப்படித் திறந்தது என்று தெரியாது. முதல் நாளில் வெளிச்சம் உண்டான இடத்துக்கு வந்ததும் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"முதல் நாளே வெளிச்சம் வந்திட்டுதே? பிறகென்ன, பயிர் முளைக்கும்தானே. உதை ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல வெளிக்கிட்டனான்," என்றார் அம்மா. "நீங்கள்தான் வெயில் வெயிலெண்டு நிண்டனீங்கள்."

அப்பா, அந்தக் கேள்விக்கு விடையை மாற்றி இனிப் புள்ளி வாங்க முடியாதா என்று என்னைக் கேட்டார்.

இப்போது அறைகளுக்குக் கதவு போட்டாயிற்று. அந்த அஞ்சல்வழிப் பாடம் நின்றுவிட்டது. கைபேசியில் விடையைத் தொட்டால் சரியா பிழையா என்று அக்கணமே நிறம் மாறிக் காட்டும் பாடங்கள் வந்துவிட்டன. அவற்றில் ஓரம் என்று ஒன்று இல்லை. அப்பா எழுத இடமில்லை, மாமி மறுக்க இடமில்லை, மீன் மணமும் இல்லை. பல்கலைக்கழக விடுதியில் எனக்குக் கதவுள்ள அறை கிடைத்திருக்கிறது. தனியாகத்தான் படிக்கிறேன். நான் எழுதிக் கையளிக்கும் ஒவ்வோர் ஒப்படையின் முகப்பிலும், இது முற்றிலும் எனது சொந்த ஆக்கம் என்ற உறுதிமொழியும் அதன்கீழ் ஒரு புள்ளிக்கோடும் இருக்கின்றன. கையெழுத்திடுகிறேன், அதற்கு முன் பேனா ஒரு கணம் நிற்பதை மட்டும் தவிர்க்க முடிவதில்லை.

இக்கட்டுரைக்கு அவ்வாறான உறுதிமொழி கேட்கப்படவில்லை. இருந்தும் சொல்லிவிடுகிறேன்: புழுதி விதைப்பைப் பற்றிய பந்தியை நேற்றுத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது அப்பா இரண்டு திருத்தங்கள் சொன்னார். இரண்டையும் ஏற்றிருக்கிறேன். மாமி பக்கத்தில்தான் இருந்தாராம், ஒன்றும் கதைக்கவில்லையாம்.